நாலு இன்ஜெக்டரையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார். 85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில மாதங்களாக ஸ்டார்ட்டிங் தொல்லை. காலையில்கூடப் பரவாயில்லை, கடைக்குப் போய்விட்டு அரை மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால்தான் ரொம்ப நேரம் சுற்றுகிறது. ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் கரும்புகை, பெட்ரோல் வாடை. மைலேஜ் 17-லிருந்து 13-க்கு வந்துவிட்டது. மெக்கானிக் நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார். நண்பரோ கிளீனர் ஒரு பாட்டில் வாங்கி டேங்கில் ஊற்றினால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், திருச்சி

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். உங்களுக்கு ஒரு இன்ஜெக்டர் (எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் கருவி) மட்டும் ஒழுகுகிறது என்றுதான் நீங்கள் சொல்லும் அறிகுறிகளிலிருந்து தோன்றுகிறது. அதை உறுதி செய்துகொள்ளாமல் நாலையும் மாற்றுவது வீண் செலவு. பாட்டில் ஊற்றுவதால் ஒழுகல் நிற்கவும் போவதில்லை.

இன்ஜெக்டருக்கு வருவது இரண்டு கோளாறு. ஒன்று அடைப்பு, இன்னொன்று ஒழுகல். பட்டறையில் இரண்டையும் சேர்த்து ‘இன்ஜெக்டர் போச்சு’ என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இரண்டுக்கும் அறிகுறி நேர் எதிர். அடைத்துக்கொண்டால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் போதாது. ஐடிலிங்கில் வண்டி நடுங்கும், மிதித்தால் இழுவை இருக்காது, புகை வராது. ஒழுகினால் வேண்டாத நேரத்தில் பெட்ரோல் உள்ளே சொட்டும். கரும்புகை, வாடை, மைலேஜ் இறக்கம் எல்லாம் அதனால் வருவது.

அரை மணி நேர விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வண்டி மாதிரியானவற்றில் ஃபியூயல் ரெயிலுக்குள், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாய்க்குள், பெட்ரோல் சுமார் 3 பார் அழுத்தத்தில் நிற்கும். எஞ்சினை அணைத்த பிறகும் அந்த அழுத்தம் உடனே இறங்கிவிடாது. இன்ஜெக்டர் ஊசி தன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை என்றால், நீங்கள் கடையில் நிற்கும் நேரத்தில் அந்த அழுத்தமே பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக இன்டேக்குக்குள் (எஞ்சினுக்குக் காற்று போகும் வழி) தள்ளிவிடும். சூட்டில் அது ஆவியாகி உள்ளேயே தேங்கும். திரும்பி வந்து சாவி போட்டால் காற்றைவிடப் பெட்ரோல் அதிகம், எஞ்சின் பிடிக்காது. இரவு முழுக்க நின்றால் அந்த ஆவி பெரும்பாலும் கலைந்துவிடும். அதனால்தான் காலையில் தொல்லை குறைவு.

காசு செலவில்லாமல் இரண்டு சோதனை செய்யலாம். அடுத்த முறை அப்படி மக்கர் செய்யும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அந்த நிலையில் பெரும்பாலான பெட்ரோல் கார்களின் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்ஜெக்டர்களை நிறுத்திவிட்டு வெறும் காற்றை உள்ளே விடும். வண்டி இருமிக்கொண்டே பிடித்தால் உள்ளே பெட்ரோல் வெள்ளம் என்பது உறுதி. பிடித்த உடனே காலை எடுத்துவிடுங்கள். இரண்டாவது, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால், ஒழுகியது ஆயிலிலும் கலந்திருக்கிறது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குக்கு ஆபத்து. அப்படியானால் வண்டியை அதிகம் ஓட்டாமல் சீக்கிரம் வேலையை முடியுங்கள். முடித்ததும் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் விட்டால், அரை மணி நேரம் நின்ற வண்டியில் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். மூன்று வெளிர் பழுப்பாகவும் ஒன்று மட்டும் கரி பூசி ஈரமாகவும் இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். ஸ்கேனர் இருந்தால் லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (பெட்ரோலை ஈசியூ எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) எவ்வளவு என்று கேளுங்கள். சூடான எஞ்சினில் மைனஸ் 15 சதவீதத்துக்கும் கீழே கிடந்தால், பெட்ரோல் அதிகம் என்று ஈசியூ குறைத்துக் குறைத்துப் பார்க்கிறது என்று அர்த்தம். பிளஸ் பக்கம் ஏறியிருந்தால் கதை வேறு: அடைப்போ, எங்காவது காற்று கசிவோ இருக்கலாம்.

சரி, ஒழுகல்தான் என்று தெரிந்துவிட்டது. அப்போதும் புதியது வாங்க ஓட வேண்டாம். நாலையும் கழற்றி, அல்ட்ராசோனிக் தொட்டியும் (ஒலி அதிர்வால் சுத்தம் செய்வது) டெஸ்ட் பெஞ்சும் உள்ள இடத்துக்குக் கொடுங்கள். பெஞ்சில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு இன்ஜெக்டரை மாட்டி அழுத்தம் கொடுப்பார்கள். முதலில் திறக்காமலே அழுத்தம் மட்டும். நல்ல இன்ஜெக்டரின் முனை உலர்ந்தே இருக்கும். கெட்டதில் முனையில் ஒரு துளி திரண்டு, கனத்து, விழும். அப்புறம் ஓடவிட்டால் நல்லது கூம்பு மாதிரி புகையாகத் தெளிக்கும், அழுக்கேறியது ஒரு பக்கமாக நூல் போலப் பீய்ச்சும். கடைசியில் நாலு குழாயின் மட்டத்தையும் ஒப்பிட வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இதை நேரில் நின்று பாருங்கள். காட்ட மாட்டேன் என்கிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

சுத்தம் செய்வதற்கு முன்பும் பின்பும் இந்தச் சோதனை நடக்க வேண்டும். இருக்கையில் படிந்த பிசினால் ஊசி மூடாமல் இருந்தால் அல்ட்ராசோனிக்கில் ஒழுகல் நின்றுவிடும். சுத்தம் செய்த பிறகும் துளி விழுந்தால் இருக்கையே தேய்ந்துவிட்டது. வாஷர் போன குழாயை எத்தனை தடவை கழுவினாலும் சொட்டத்தான் செய்யும். அந்த இன்ஜெக்டரை மட்டும் மாற்றுங்கள். மற்ற மூன்றும் சரியாக இருந்தால் அவற்றைத் தொட வேண்டியதில்லை. புதியதில் அதே பார்ட் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாக்கெட் பொருந்துகிறதே என்று வேறு மாடலுடையதைப் போட்டால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் தனி வழியில் போகும்.

கழற்றி மாட்டும்போது கண் வைக்க வேண்டியவை சில உண்டு. முதலில் ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி அழுத்தத்தை இறக்க வேண்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள குழியில் மணலும் தூசியும் கிடக்கும். ஏர் அடித்து எடுக்காமல் உருவினால் அத்தனையும் நேராக வால்வு மேல் விழும். மேலும் கீழும் உள்ள ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பழையதைத் திரும்பப் போடக் கூடாது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் 2014 வண்டியின் ரப்பர் அதை மனதில் வைத்துச் செய்ததல்ல. அதனால் விட்டான் ரக ஓ-ரிங் கேளுங்கள். துளி எஞ்சின் ஆயில் தடவி அழுத்தினால் மடங்காமல் உட்காரும். மேல் வாயில் இருக்கும் குட்டி ஃபில்டரையும் மாற்றச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை ஆன் செய்து, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

பின் வைத்து ஓட்டையைக் குத்துவது, தின்னரில் ஊறப் போடுவது, பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துத் திறந்தே வைப்பது, இதெல்லாம் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. குத்தினால் தெளிப்பு கெடும், தின்னரில் ரப்பர் உப்பும், நேரடி மின்சாரத்தில் சுருள் கருகும்.

நண்பரின் பாட்டிலை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். பாலிஈதர்அமைன் உள்ள கிளீனர் லேசான படிவத்தைக் கரைக்கும், அடைப்பு தொடங்கும் கட்டத்தில் உதவும். உங்கள் வண்டி அந்தக் கட்டத்தில் இல்லை. டீசல் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்: அதில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான காமன் ரெயில் குழாயில் ஆயிரம் பாருக்கு மேலும் அழுத்தம் ஏறும், பைப்பைத் தளர்த்திப் பார்ப்பதே ஆபத்து. பல வண்டிகளில் புது இன்ஜெக்டரின் கோட் எண்ணை ஈசியூவில் பதியவும் வேண்டும்.

பெஞ்சில் நாலும் நல்லதாக வந்துவிட்டால்? அப்போது கூலண்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் பாருங்கள். எஞ்சின் சூடாகியும் அது குளிர் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் ஈசியூ பெட்ரோலை அள்ளி ஊற்றும். பெட்ரோல் நிரப்பிய உடனே ஸ்டார்ட் செய்யும்போதும் இதே தொல்லை இருந்தால், டேங்க் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வு திறந்தே மாட்டிக்கொண்டிருக்கலாம். அதன் இன்டேக் பக்கக் குழாயைக் கழற்றி, வால்வுக்குள் வாயால் ஊதிப் பார்க்கலாம். கரண்ட் இல்லாதபோது காற்று போகக் கூடாது.