அம்மாவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

கேள்வி (வாசகி, களுவாஞ்சிகுடி): அக்கா, எங்கள் அம்மா போன வைகாசியில் 83 வயதில் காலமானார். ஆண்டுத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் அடிக்க யோசிக்கிறோம். தேவாரம், திருவாசகம், நல்ல கலர் படங்கள், அம்மாவைப் பற்றி ஒரு பக்கம், இவ்வளவும் போதும் என்கிறான் கனடாவில் இருக்கிற தம்பி. அந்த ஒரு பக்கத்தைத்தான் என்னால் எழுத முடியவில்லை. அம்மா உத்தியோகம் பார்த்தவர் இல்லை. கோயில், அடுப்படி, ஐந்து பிள்ளைகள், பதினொரு பேரப்பிள்ளைகள், அவ்வளவுதான். 'பக்தி மிக்கவர், பாசம் மிக்கவர்' என்று எழுதினேன், அதற்கு மேல் பேனா நகரவில்லை. என்ன எழுதலாம்?

பதில்: தங்கச்சி, அந்த இரண்டு வார்த்தைகளையும் முதலில் வெட்டிவிடுங்கள். பொய் என்று சொல்லவில்லை. 31ஆம் நாள் வீடுகளில் தந்த கல்வெட்டுகள், அதாவது இறந்தவர் நினைவாக அடித்த புத்தகங்கள், என் அலுமாரியில் ஒரு கட்டு இருக்கின்றன, எல்லாவற்றிலும் இந்த இரண்டும் இருக்கின்றன, பெயரையும் ஊரையும் மாற்றினால் எந்த அம்மாவுக்கும் பொருந்தும்.

கோயில், அடுப்படி என்று எழுதிவிட்டு அவ்வளவுதான் என்கிறீர்களே, எல்லாம் அங்கேதானே கிடக்கிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்ததில் இருந்து, அம்மனைக் குளிரவைக்கிற குளிர்த்திச் சடங்கு முடியும் வரை அம்மா வீட்டில் எதைச் சமைத்தார், எதைச் சமைக்காமல் விட்டார்? ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கம் கோயிலில் தீர்த்தமாடப் போகும்போது யாரைக் கையில் பிடித்துக்கொண்டு போவார்? கதிர்காமத்துக்கு உகந்தையில் இருந்து காட்டு வழியே நடந்தவரா? நடந்தார் என்றால் யாருக்காக நேர்ந்து நடந்தார்? பிள்ளைகளுக்கு அம்மாள் வருத்தம் (அம்மை) வந்தால் வாசலில் வேப்பிலை செருகிவிட்டு எத்தனை இரவு கண் முழித்தார்? இதை எல்லாம் தம்பியிடமும் கேளுங்கள், முக்கியமாக அம்மாவோடு ஒன்றாகப் பொங்கல் பானை தூக்கின பெண்களிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத அம்மா ஒருத்தி அவர்களிடம்தான் இருக்கிறாள்.

என் பெத்தாவை, பாட்டியை, பற்றிச் சொல்கிறேன், நான் என்ன சொல்ல வருகிறேன் என்று விளங்கும். பெத்தா ஒவ்வொரு நாளும் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அள்ளி, மூலையில் இருக்கிற முட்டியில், சின்ன மண்பானையில், போடுவா. அது அம்மனுக்கு. வீட்டில் அரிசி குறைவான நாளிலும் பிடி குறையாது, அன்றைக்குத் தன் சோற்றைக் குறைத்துக்கொள்ளுவா. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை பறந்தபோது எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, கோயிலில் கேட்டுக் கேட்டு மனசில் நின்ற வழக்குரைப் பாட்டை, கண்ணகி கதைப் பாட்டை, சத்தமாகப் பாடிக்கொண்டே இருந்தா. விடிந்ததும் நனைந்த அரிசியில், முட்டியில் இருந்த அம்மன் அரிசியையும் கொட்டி, ஒழுங்கையில் இருந்த எல்லாருக்கும் கிடாரத்தில் கஞ்சி வைத்தா. அம்மனுக்கு வைத்ததை எடுக்கலாமா என்று ஒரு கிழவர் கேட்டிருக்கிறார். 'அவவும் நம்மளோடதான் நனஞ்சவ' என்றாவாம்.

1990இல் என் சின்ன மாமா காணாமல் போனார். அடுத்த வைகாசி கதவு திறந்தது, பெத்தா போகவில்லை. அதற்கடுத்த வருஷமும் போகவில்லை. யார் கூப்பிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவா. ஆனால் பிடியரிசி நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் அள்ளிப் போட்டா, நிறைந்ததும் அடுத்த வீட்டுப் பெடியனிடம் கோயிலுக்குக் கொடுத்துவிட்டா. மதுரையை எரித்து வந்த தெய்வத்தின் கோபத்தைத் தணிக்கத்தானே நம் ஊர்களில் குளிர்த்தி செய்கிறோம், பெத்தா அந்தத் தெய்வத்தோடேயே கோபித்துக்கொண்டு இரண்டு வருஷம் இருந்தா. மூன்றாம் வருஷம் குளிர்த்தி அன்று யாரிடமும் சொல்லாமல் தலைமுழுகிவிட்டு ஈரச்சேலையோடு நடந்து போனா. என்ன திடீரென்று என்று என் அம்மா கேட்டதற்கு, 'அவவும் பறிகுடுத்தவதானேகா, அவவோட எத்தின நாளைக்குக் கோவிச்சிட்டு இருக்கிற' என்று மட்டும் சொன்னா.

பெத்தாவின் கல்வெட்டில் இது இல்லை. 'அம்பாள் பக்தை' என்று ஒரு வரி இருக்கிறது. நாங்கள்தான் அடித்தோம், கோபித்த கதையைப் போட்டால் மரியாதைக் குறைவு என்று விட்டுவிட்டோம். இன்றைக்கும் அது எனக்கு மனவருத்தம். அதனால்தான் கேட்கிறேன், உங்கள் அம்மா கோபித்த நாள், அழுத நாள், கோயிலுக்குப் போகாத நாள் இருந்தால் அதையும் எழுதுங்கள். அவர் சொன்னதை அவர் பேசின மாதிரியே போடுங்கள், பெத்தா சொன்ன 'தானேகா'வில் வருகிற மாதிரி 'கா'வை எடுத்துவிட்டு எழுத்துத் தமிழ் ஆக்க வேண்டாம். தேவாரம் இருக்கட்டும், தம்பி சொல்வது சரிதான், ஆனால் பக்கம் போதாவிட்டால் கலர் படத்தில் இரண்டைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருக்கோவில்): எங்கள் பெத்தா குளிர்த்திப் பாட்டுப் பாடியதை அவர் சாகும் முன் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். சில வரிகள் விளங்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மகள், இன்றைக்கே வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள், போன் எப்போது பழுதாகும் என்று சொல்ல ஏலாது. அப்புறம் கேட்கக் கேட்க எழுதுங்கள், விளங்காத இடத்தைக் காதில் விழுந்த மாதிரியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். உங்கள் ஊரில் சடங்குக்குப் பாடுகிற பெரியவர்களிடம் போட்டுக் காட்டினால் பாதி வரிகள் தெளியும். பண்டிதர் வி.சீ. கந்தையா பதிப்பித்த கண்ணகி வழக்குரை கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதில் இல்லாத வரி பெத்தா வாயில் இருந்தால் அது பிழை என்று வெட்டிவிடாதீர்கள், ஊருக்கு ஊர் பாட்டு மாறும். எழுதி முடித்ததும் நூலகம் நிறுவனத்தோடு தொடர்புகொண்டு பாருங்கள், நம் ஊர்களின் நினைவு மலர்களைக் கூட இணையத்தில் ஏற்றிப் பாதுகாக்கிறார்கள். பதிவில் பெத்தா நடுவில் நிறுத்தி யாரையாவது ஏசியிருந்தால், தண்ணி கேட்டிருந்தால், அதுவும் அப்படியே இருக்கட்டும்.