ஆடிக் காற்று அடிக்கட்டும், அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. அம்பாசமுத்திரத்துக்கு வெளியே ஒரு வீடு விலைக்கு வருகிறது. ஐந்து சென்ட், கட்டி ஒன்பது வருஷம், போர் தண்ணீர் உண்டு. 38 லட்சம் சொல்கிறார்கள். அதே சாலையில் இதே மாதிரி வீடு போன வருஷம் 44-க்குப் போயிருக்கிறது. விலை குறையக் காரணம், வீட்டுக்கு மேற்கே நூறு, நூற்றைம்பது மீட்டரில் ஒரு அரிசி மில். சித்திரையில் இரண்டு தடவை போய்ப் பார்த்தோம். நாற்றமும் இல்லை, புகையும் இல்லை. "இன்னும் ஒரு வருஷத்தில் மில்லை மூடப்போறாங்க" என்கிறார் வீட்டுக்காரர். ஆனிக்குள் கிரயம் முடிக்க வேண்டுமாம். எங்க வீட்டம்மா வேண்டாம் என்கிறாள். எனக்கோ விட மனசில்லை. அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள், கொஞ்சம் இளைப்பு உண்டு. வாங்கலாமா?
(வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: மில் இருப்பது மேற்கே. நீங்கள் பார்த்தது சித்திரையில். சிக்கல் இந்த இரண்டு வரியிலேயே இருக்கிறது.

நம்ம பக்கத்தில் ஆனி பிறந்தால் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, கணவாய் வழியாக இந்தப் பக்கம் வெறும் காற்றாக வந்து இறங்கும். குற்றாலத்துக்குச் சாரல், நமக்குப் புழுதி. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. ஆவணி தாண்டும் வரை அநேகமாக அந்த ஒரே திசைதான். ஐப்பசியில்தான் காற்று வடகிழக்குக்குத் திரும்பும். ஆக, மேற்கே இருக்கும் மில்லின் புகையும் தூசியும் வருஷத்தில் மூன்று, நான்கு மாதம் உங்கள் வாசலுக்கு நேராக வரும். சித்திரையில் நின்று மோந்து பார்த்தால் அது தெரியாது. உங்க ஊரில் மொட்டை மாடியில் அப்பளம் காயப்போடுகிறவர்களைக் கேளுங்கள், எந்த மாதம் எந்தப் பக்கம் காற்று என்று வானிலை அறிக்கையை விடச் சரியாகச் சொல்வார்கள்.

அடுத்து, அது பச்சரிசி மில்லா, புழுங்கல் அரிசி மில்லா? நீங்கள் எழுதவில்லை. ஆனால் எல்லாம் அதைப் பொறுத்துத்தான். பச்சரிசி மட்டும் அரைக்கிற மில் என்றால் தவிட்டுத் தூசியும் மெஷின் சத்தமும்தான். அதோடு வாழ்ந்துவிடலாம். புழுங்கல் என்றால் நெல்லை ஊறவைக்க வேண்டும், ஆவியில் வேகவைக்க வேண்டும், அதற்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்கு உமியைத்தான் எரிப்பார்கள். ஒரு டன் நெல் அரைத்தால் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். தினம் எத்தனை டன் ஓடுகிறது என்று கேட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். சாம்பலைப் பிடிக்கும் கருவி ஒழுங்காக ஓடினால் பாதகமில்லை. ஓடாவிட்டால் கறுப்புத் துகளாகப் பறந்து வந்து உட்காரும், தட்டிவிட்டால் கோடு இழுத்துக்கொண்டு அப்பும். இன்னொன்று நெல் ஊறின தண்ணீர். புளித்துப்போன அந்த வீச்சம், ஒரு தடவை மோந்தவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது. எங்கள் பெரியப்பா வீட்டுப் பின்னால் ஒரு மில் இருந்தது. பொங்கலுக்குப் போனால் ஒன்றும் தெரியாது, ஆடியில் போனால் பெரியம்மா கொடியில் ஒரு வெள்ளை வேட்டி காயப்போட மாட்டார்கள். எல்லாம் வீட்டுக்குள்ளே, மின்விசிறிக்குக் கீழே.

நெல் வரத்தையும் கணக்கில் எடுங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் இரண்டு போகம்: பிசானம் மாசி, பங்குனியில் அறுப்பு, கார் புரட்டாசி வாக்கில். அதை ஒட்டி மில் முழு மூச்சில் ஓடும், லாரி ராத்திரியிலும் நிற்கும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல்தான் இருக்க வேண்டும் என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. விதி லாரி டிரைவருக்குத் தெரியுமா என்பது வேறு விஷயம்.

இனி என்ன செய்யலாம்? காசு செலவில்லாத சோதனை ஒன்று. வெள்ளைத் தட்டு ஒன்றில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி, சாயங்காலம் அந்த வீட்டு மாடியில் வைத்துவிட்டு, காலையில் போய்ப் பாருங்கள். எண்ணெயில் ஒட்டியிருக்கும் கறுப்பு, வீட்டுக்காரர் சொல்லாததைச் சொல்லும். மேல்காற்று விழுந்த பிறகு செய்தால்தான் பலன். அப்புறம் அந்தத் தெருவில் மற்ற வீடுகளைப் பாருங்கள். மேற்குப் பக்க ஜன்னல்கள் எத்தனை திறந்திருக்கின்றன? வென்டிலேட்டரில் துணியோ அட்டையோ அடைத்திருக்கிறதா? முருங்கை இலையை விரலால் தேய்த்துப் பாருங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் இருந்தால் இரண்டு நிமிஷம் நின்று பேசுங்கள், எந்த வீட்டுத் துணியில் புள்ளி விழுகிறது என்று அவருக்குத் தெரியும். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். மில் கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள், வாயால் கேட்டால் "எல்லாம் சுத்தம் பண்ணித்தான் விடுறாங்க" என்பார்கள்.

மில் நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். அது இருக்கிறதா, எந்தத் தேதி வரை, இதுவரை புகார் வந்திருக்கிறதா என்று பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். இசைவாணை போன மாதம்தான் புதுப்பிக்கப்பட்டது என்று வந்தால், 'மூடப்போறாங்க' கதை அங்கேயே முடிந்தது.

அந்தக் கதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இதை அக்ரிமென்ட்டில் எழுதித் தாங்க" என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். எழுத மாட்டார். அப்படியே மூடினாலும் அந்த இடம் சும்மா கிடக்காது. குடோன் வரும், இல்லையென்றால் கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் விடியக்காலம் நாலரைக்கு ஸ்பீக்கர் போட்டால், மில்லே தேவலை என்றிருக்கும்.

வாங்கின பிறகு சட்டம் காப்பாற்றுமா? 1882-ம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையைத்தான் விற்பவர் சொல்லியாக வேண்டும். மில் சிம்னி தெருவிலிருந்தே தெரிகிறது. "எனக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்ல முடியாது. தனி ஒருவரிடம் பழைய வீடு வாங்கும்போது நுகர்வோர் நீதிமன்றமும் கைகொடுக்காது. பின்னால் வந்து குடியேறினவர் என்பதற்காக மாசு பற்றிப் புகார் செய்யும் உரிமை போய்விடாது, சரி. ஆனால் அது வருஷக்கணக்கில் நடையாய் நடக்கிற வேலை.

ஆறு லட்சம் லாபம் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? 38 லட்சத்துக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 3 லட்சத்து 42 ஆயிரம். அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகம் என்றால் அதன்மேல் கணக்கு. ஒத்துவரவில்லை என்று இரண்டு வருஷத்தில் விற்றால் இது திரும்பி வராது. வாங்க வருகிறவரும் இன்று நீங்கள் கேட்கிற அதே ஆறு லட்சத்தை உங்களிடம் குறைக்கச் சொல்வார். அது லாபமில்லை, அந்த வீட்டோடு கூடவே வருகிற தள்ளுபடி. பேங்க் லோன் என்றால் வேல்யூவரும் மில்லைப் பார்த்துவிட்டுத்தான் மதிப்புப் போடுவார்.

என் முடிவைக் கேட்டால்: புழுங்கல் மில் என்றால் விட்டுவிடுங்கள். இளைப்பு உள்ளவர்களை உமிச் சாம்பல் காற்றில் கொண்டுபோய் வைத்துவிட்டு, விலை குறைவு என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. உங்க வீட்டம்மா சொல்வதுதான் சரி. பச்சரிசி மில் என்றால் அவசரப்படாமல் பார்க்கலாம். ஆனிக்குள் முடிக்கச் சொல்வதை வைத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை, ஆடியில் கிரயம் வேண்டாம் என்று பலரும் பார்ப்பதுதான். அதே வழக்கத்தை நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். "ஆனிக்குள் பணம் புரளாது, ஆடியில் எங்கள் வீட்டிலும் செய்ய மாட்டோம், ஆவணியில் வைத்துக்கொள்வோம்" என்று சொல்லுங்கள், யாருக்கும் வருத்தமிராது. நடுவில் ஆடி முழுக்க உங்களுக்குத்தான். ஒரு தடவை விடியக்காலம், ஒரு தடவை ராத்திரி பத்து மணிக்கு, ஒரு தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் மாடியில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால், போகட்டும்.

கேள்வி: வள்ளியூர் பக்கம் கல்குவாரியிலிருந்து 400 மீட்டரில் மனை பார்த்திருக்கிறேன். "300 மீட்டருக்குள் குவாரி வரக்கூடாது என்று சட்டம் இருக்கு, பயப்படாதீங்க" என்கிறார் புரோக்கர்.
(வாசகி, நாங்குநேரி)

பதில்: சட்டம் இருப்பது உண்மை. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டர் என்று இருக்கிறது. ஆனால் அந்த விதியில் குடியிருப்பு என்றால் வருவாய்ப் பதிவேட்டில் நத்தமாகவோ (ஊர்க் குடியிருப்பு நிலம்) வீட்டு மனையாகவோ இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவாக இருக்க வேண்டும். புஞ்சைக் காட்டில் கல் ஊன்றி விற்கிற மனைக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஆகவே முதலில் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். எட்டு மனைக்கு மேல், அல்லது 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

400 மீட்டர் என்பதை புரோக்கர் எங்கிருந்து எங்கே அளந்தார்? இன்றைய பள்ளத்தின் விளிம்பிலிருந்தா, குத்தகை எல்லையிலிருந்தா? பள்ளம் உங்களை நோக்கித்தான் வளரப்போகிறது என்றால் தூரம் வருஷா வருஷம் குறையும். குத்தகை எந்தெந்த சர்வே எண்ணுக்கு என்று கனிமவளத் துறையில் கேட்டு, புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வைத்துப் பாருங்கள். வெடி வைக்கிற நேரத்துக்குப் பக்கத்து ஊர் வீடு ஒன்றில் போய் உட்காருங்கள். எவர்சில்வர் பாத்திரம் அலமாரியில் கிலுங்கினால், சுவர் என்ன பாடுபடும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கேள்வி: பாளையங்கோட்டையில் சுடுகாட்டுச் சாலையில் வாடகை வீடு, நல்ல வெளிச்சம், வாடகையும் மலிவு. போகலாமா?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: வாடகைக்குத்தானே, போங்கள். பிடிக்காவிட்டால் ஒப்பந்தப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காலி செய்துவிடலாம். கொட்டும் வெடியும் போகிற பாதை அதுதான் என்பதால் கைக்குழந்தை இருந்தால் மட்டும் யோசியுங்கள். சொந்தமாக வாங்குவதாக இருந்தால் கேள்வியே வேறு. அந்தச் சாலையில் வீட்டை விற்க வைத்தால் பத்துப் பேர் பார்க்க வருவார்கள், அதில் ஆறேழு பேர் தெருவின் பெயரைக் கேட்டதும் திரும்பிவிடுவார்கள்.