கேரவன் சுவரில் ஷீட் உரிகிறது: ஒட்டிவிட்டு வழக்கா, வழக்குப் போட்டுவிட்டு ஒட்டவா?

கேள்வி: என் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர முட்டம். முப்பது வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவன். ஒரு வேன் வாங்கி, கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கொடுத்து, கட்டில், சின்ன அடுப்படி, கழிப்பறையோடு கேரவனாக மாற்றினேன். அந்த வேலைக்கு மட்டும் 11,60,000 ரூபாய். 2024 டிசம்பரில் வண்டி கைக்கு வந்தது. 2025 ஜூன் மழையில், உள்சுவரில் ஒட்டிய வினைல் ஷீட் சுருங்கத் தொடங்கியது. ஜன்னலுக்குக் கீழே கொப்பளம் கொப்பளமாக உப்பி, ஓரம் உரிந்து தொங்கியது. செப்டம்பரில் ஆளனுப்பி ஒட்டிக் கொடுத்தார்கள். நவம்பரில் மறுபடியும் பழைய கதை. கேட்டால், "உங்க ஊரு உப்புக்காத்துக்கு எதுவும் நிக்காதுங்க, வாரண்டில இன்டீரியர் வராதுங்க" என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. வழக்கு எதுவானாலும் கோயம்புத்தூரில்தான் என்று பில்லின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறார்கள். பக்கத்து ஆசாரி எல்லாவற்றையும் உரித்து, 85,000 ரூபாய்க்குப் புதிதாக ஒட்டித் தருகிறேன் என்கிறார். ஒட்டிவிட்டு வழக்குப் போடவா? கொடுத்த பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா? தெரிந்தவர்களுக்கு இரண்டு முறை வண்டியைக் கொடுத்து 6,000 ரூபாய் வாங்கியிருக்கிறேன், அதனால் சிக்கல் வருமா? கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வேளாங்கண்ணி போகலாமா என்று வீட்டில் வேறு கேட்கிறார்கள்.

பதில்: முதலில் ஆசாரியை நிறுத்துங்கள். அவர் வேலை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் உரித்துக் குப்பையில் போடும் ஒவ்வொரு துண்டும் உங்கள் வழக்கின் சாட்சி. புதிதாக ஒட்டிய சுவரைக் காட்டி, பழைய சுவர் எப்படி இருந்தது என்று நிரூபிக்கப் பார்த்தவர்கள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். செல்போன் படத்தைத் தவிர அவர்களிடம் ஒன்றுமிருக்காது.

நீங்கள் ஷீட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஷீட்டை விட அந்த "ஜன்னலுக்குக் கீழே" என்ற வார்த்தைதான் முக்கியமாகப் படுகிறது. வண்டியின் உள்சுவரில் ஷீட் உரிய இரண்டு மூன்று காரணங்கள் உண்டு. வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டிக்குள் சூடு ஏறி ரப்பர் பசை இளகுவது ஒன்று. பிளைவுட்டைத் துடைத்துக் காயவைக்காமலும், இரண்டு பக்கமும் பசை தடவிக் காத்திருக்காமலும் அவசரத்தில் ஒட்டுவது இன்னொன்று. இந்த இரண்டிலும் சுருக்கம் பெரும்பாலும் சுவர் முழுக்கப் பரவலாக வரும், கூரையோரம் அதிகமாக இருக்கும். ஜன்னலுக்குக் கீழே மட்டும், அதுவும் மழைக்காலத்தில் மட்டும் உப்புகிறதென்றால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஜன்னல் பிரேமைச் சுற்றிப் போடும் சீலன்ட் சரியில்லாவிட்டால், தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் நீர் வழிந்து, பலகை உள்ளுக்குள் ஊறும். ஊறிய பலகையில் எந்தப் பசையும் நிற்காது. செப்டம்பரில் ஒட்டியது இரண்டு மாதத்தில் பெயர்ந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆசாரி ஒட்டினாலும் அடுத்த இடவப்பாதியில் (ஜூன் மழையில்) அதே கதைதான்.

இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மரத்தின் ஈரத்தை அளக்கும் சின்ன மீட்டர் கடைகளில் கிடைக்கிறது. உரிந்து தொங்கும் இடத்தில் பலகையில் வைத்துப் பார்த்து, எண்ணோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும் நிலை. அப்புறம் வெளியே ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடிக்கச் சொல்லி, உள்ளேயிருந்து வீடியோ எடுங்கள். பொது இன்ஷூரன்ஸ் வேலைக்கு வரும் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை அழைத்து ஓர் அறிக்கையும் வாங்கிவிடுங்கள்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? வெறும் சுருக்கம் என்றால் "அழகு சம்பந்தப்பட்ட சின்ன விஷயம்" என்று எதிர்த்தரப்பு ஒதுக்கிவிடும். தண்ணீர் இறங்குகிறது என்றால் அது வேலையின் குறை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(11) 'சேவைக் குறைபாடு' என்று சொல்வதில் வேலையின் தரமும் அதைச் செய்த விதமும் அடங்கும். மனுவின் முதல் பத்தியில் ஷீட்டைப் போடாதீர்கள், கசிவைப் போடுங்கள்.

சரி, உப்புக்காற்று. பட்டறைக்காரர் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டிருக்கிறார். வேலையை ஒப்படைக்கும்போது வண்டி கடலோரத்தில் நிற்கப் போகிறது என்று அவரிடம் சொன்னீர்களா? பழைய வாட்ஸ்அப்பைத் தேடுங்கள். வீட்டுப் படமோ லொக்கேஷனோ அனுப்பியிருந்தால் போதும், அட்வான்ஸ் ரசீதில் முட்டம் முகவரி இருந்தால்கூட உதவும். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் பிரிவு 16(1) இப்படிப் போகிறது: இன்ன உபயோகத்துக்கு என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த உபயோகத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது எழுதாமலே உள்ள நிபந்தனை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நனைக்கிற மாவட்டம் நம்முடையது. இங்கே எதுவும் நிற்காது என்று தெரிந்தவர் ஆர்டர் எடுக்கும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குரல் செய்தியை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டம் அப்படியே பொருந்தாது என்றாலும் இணைத்துவிடுவது நல்லது.

"வாரண்டியில் இன்டீரியர் வராது" என்பதைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். அதே 1930 சட்டத்தின் பிரிவு 62, எழுதாத நிபந்தனைகளை ஒப்பந்தம் போட்டு விலக்கிக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு பேரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் கையெழுத்திட்ட கொட்டேஷனில் அந்த வரி இருந்தால் கொஞ்சம் கஷ்டம். முழுப் பணமும் வாங்கிய பிறகு கொடுத்த பில்லின் பின்பக்கம் மட்டும் இருந்தால், அது ஒப்பந்தம் ஆகாது என்று வாதாடலாம். கசிவோ வாரண்டிப் பேச்சுக்குள்ளேயே வராது, ஏனென்றால் ஜன்னல் பொருத்தியது இன்டீரியர் இல்லை.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, இளம் வக்கீல்களே விழுவார்கள். அந்த வரியை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று அறிவிக்கச் சொல்லி மனுவில் கேட்டுவிடாதீர்கள். அந்த வகைப் புகார்களை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 47 மாநில ஆணையத்துக்கு ஒதுக்கியிருக்கிறது. நாகர்கோவிலில் முடிய வேண்டியது அப்புறம் வேறு ஊருக்குப் போய்விடும். சேவைக் குறைபாடு என்பதோடு நின்றுகொள்ளுங்கள். குறையுள்ள பொருள் விளைவித்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் 'பொருள் பொறுப்பு' என்ற அத்தியாயத்தையும் தொட வேண்டாம். அந்தப் பொருளுக்கே வந்த சேதம் அதில் 'தீங்கு' ஆகாது.

கோயம்புத்தூருக்குப் போக வேண்டியதில்லை. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் தரலாம் என்று பிரிவு 34(2)(d) சொல்கிறது, பில்லின் பின்பக்க அச்சு அதை மாற்றாது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே உங்கள் இடம். நீங்கள் கொடுத்த தொகையை வைத்துத்தான் வரம்பு கணக்கிடப்படும். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை கட்டணம் 400 ரூபாய். ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம்.

கால வரம்பு இரண்டு வருடம், பிரிவு 69. செப்டம்பர் ஒட்டு வேலையிலிருந்து எண்ணலாமே என்று தோன்றும். அப்படி வாதாட இடமிருக்கிறது, ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். முதல் சுருக்கம் வந்த 2025 ஜூனிலிருந்து எண்ணி, 2027 ஜூனுக்கு முன்னால் தாக்கல் ஆகிவிட வேண்டும். "பாத்துச் சொல்றேங்க" என்று அவர் இழுக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில்தான் கழியும். ஒரு வக்கீல் நோட்டீஸ் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, 15 நாள் கொடுங்கள். சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் பாதி வழக்குகள் நோட்டீஸிலேயே பேச்சுக்கு வந்துவிடுகின்றன.

தாக்கல் ஆனதும், வண்டியைப் பார்த்து அறிக்கை தர ஒரு அட்வகேட் கமிஷனரையும் கூடவே தொழில் தெரிந்த ஒருவரையும் நியமிக்க மனு கொடுங்கள். எதிர்த்தரப்புக்கு பதில் தாக்கல் செய்ய 30 நாளும், கேட்டால் மேலும் 15 நாளும். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இன்னும் ஆகும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

வாடகை விஷயத்தை மறைக்காததற்கு நன்றி. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் பிடிப்பார்: வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று. வாங்கியதன் முதன்மை நோக்கம் என்ன என்றுதான் பார்க்க வேண்டும் என 2019-இல் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வணிக நோக்கம் என்பதை நிரூபிக்கும் சுமை எதிர்த்தரப்பின் மேல் என்று 2024-இல் இன்னொரு தீர்ப்பு. இரண்டு முறை 6,000 ரூபாய் வாங்கியது உங்களை வியாபாரி ஆக்காது. சத்தியப்பிரமாணத்தில் அதை நீங்களே சொல்லிவிடுங்கள், குறுக்கு விசாரணையில் வெளியே வருவதைவிட மேல். ஆனால் இனிமேல் கொடுக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிக் குற்றம், பிரிவு 192A. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கைவிரிக்கும். ஆர்.சி. புத்தகத்தில் கேரவன் மாற்றம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறவில்லை என்றால் வழக்குக்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும்.

முழுப் பணம் கிடைக்குமா? கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். வண்டியை ஏற்றுக்கொண்டு ஓட்டிவிட்டீர்கள், கட்டிலும் அடுப்பும் வேலை செய்கின்றன. கசிவை அடைத்து, ஊறிய பலகையை மாற்றி, புதிதாக ஒட்ட ஆகும் செலவு, சர்வேயர் செலவு, வட்டி, மன உளைச்சலுக்கு ஓரளவு தொகை, வழக்குச் செலவு. இதுவே நியாயமான எதிர்பார்ப்பு. ஆசாரியின் 85,000 ஷீட்டுக்கு மட்டும் போட்ட கணக்கு. ஜன்னலும் பிளைவுட்டும் சேர்த்து இரண்டு இடத்தில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். மன உளைச்சலுக்கு 10 லட்சம் என்று எழுதி வரும் மனுக்களை ஆணையம் எந்தக் கண்ணால் பார்க்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சமரசத்துக்கு அனுப்பினால் போங்கள். ஆனால் "மறுபடி ஒட்டித் தர்றோம்" என்பதற்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். கசிவை அடைத்து, தண்ணீர் அடித்துச் சோதித்து, பலகை மாற்றி, பிறகு ஒட்டுவது, இரண்டு மழைக்காலத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் என்று வரிசையாக இருக்க வேண்டும்.

ஒன்று, இப்போதே செய்ய வேண்டியது. சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73, நஷ்டத்தைக் குறைக்க என்ன வழி இருந்தது என்று கேட்கும். வண்டியைக் கூரைக்குக் கீழே நிறுத்துங்கள், இல்லையென்றால் ஜன்னல் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள். தார்ப்பாய் பில்லையும் வையுங்கள்.

வேளாங்கண்ணிக்குப் போகலாம். ஓட்டுவதால் உரிமை போய்விடாது. கிளம்பும் முன் உள்ளே நான்கு பக்கமும் படம் எடுத்து, கிலோமீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்புப் பக்கச் சுவரில் தொங்கும் துண்டு ஏதாவது இருந்தால், தீப்பிடிக்கிற பொருள் அது, படம் எடுத்துவிட்டு வெட்டி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, தேதி எழுதி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.