கதையல்லாத நூல்களை முழுவதும் படிக்க முடியவில்லை. பாதி படிப்பதால் பயன் உண்டா?

நிதி, அரசியல், அறிவியல் நூல்களை ஆசையாக வாங்கி, ஐம்பது பக்கங்களைத் தாண்ட முடியாமல் வைத்துவிடுவதாகவும், அது வீண்செலவோ என்று மனம் உறுத்துவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாராவது அதைச் சொல்லிக்காட்டியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். மதுரைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கும் எனக்கும், உறவினர் கூடியிருந்த ஒரு விசேஷ வீட்டில், “வாங்குவதோடு சரி, எதையும் முடித்ததில்லை” என்ற பேச்சு கிடைத்தது. அது நெடுநாள் வலித்தது. பயன் உண்டு என்பதே என் பதில்.

2016இல் ஒரு மாலை, விருதுநகரிலிருந்து என் தங்கை ஒரு காப்பீட்டுப் பத்திரத்தோடு வந்தாள். முகவர் எங்கள் உறவினரே. ஆண்டுக்கு 30,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் கட்டினால் முடிவில் 10 லட்சத்து 40 ஆயிரம் வரும், கட்டுவது 6 லட்சம்தான், ஆகவே 73 சதவீத லாபம் என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் தவணை கட்டியாகிவிட்டது. பத்திரம் கைக்கு வந்து பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. “சரிதானே அண்ணா?” என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

புத்தகத் திருவிழாவில் வாங்கி, நாற்பதாவது பக்கத்தில் நிறுத்தியிருந்த ஒரு தனிநபர் நிதி நூல் அப்போது நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் கட்டும் தொகைக்கு உண்மையான வட்டியைக் கணக்கிடும் முறை அதில் ஓர் இயலாக இருந்தது. ஒவ்வொரு தவணையும் எத்தனை ஆண்டுகள் வளர்கிறது என்று தனித்தனியே பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். 5 சதவீதம் என்று வைத்துப் பார்த்தால், முதலில் கட்டும் 30,000 இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 79,600 ஆகிறது. கடைசியாகக் கட்டும் 30,000 ஓராண்டு மட்டுமே இருந்து 31,500 ஆகிறது. இருபது தவணைகளையும் பள்ளி நோட்டில் வரிசையாக எழுதிக் கூட்டினேன். முகவர் சொன்ன அதே 10 லட்சத்து 40 ஆயிரத்தை ஒட்டி வந்து நின்றது. 73 சதவீதம் என்றது ஆண்டுக்கு 5 சதவீதம்தான். அப்போது அரசின் சேமிப்புத் திட்டமான பொது வருங்கால வைப்பு நிதிக்கே (பிபிஎஃப்) 8 சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைத்துக்கொண்டிருந்தது.

பத்திரம் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம் என்று அப்போது இருந்த விதியையும் அந்த நூலைப் புரட்டியபோது எங்கோ பார்த்த நினைவு. அந்த ‘எங்கோ’வைக் கண்டுபிடிக்க இரவு ஒரு மணி வரை தாள் தாளாகப் புரட்டினேன், பின்பகுதியில் ஒரு பத்தியில் இருந்தது. மறுநாளே கடிதம் எழுதிக் கொடுத்தோம். முத்திரைக் கட்டணம் போன்ற சிறு பிடித்தங்கள் போக, பணம் திரும்பி வந்தது. அந்தத் தொகையை அவள் அஞ்சலகத்தில் வைப்பு நிதியாகக் கட்டத் தொடங்கி, உயிர்ப் பாதுகாப்புக்கு, இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஒரு டேர்ம் இன்சூரன்ஸைத் தனியாக எடுத்தாள்.

எல்லாக் காப்பீட்டுத் திட்டங்களும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் இருந்தால்தான் சேமிப்போம் என்பவர்களுக்கு அவை உதவக்கூடும். முந்நூறு பக்க நூலில் அதுவரை நான் படித்தது ஐம்பது பக்கங்கள் இருக்கும். அது வீண் என்று யார் சொன்னாலும் ஏற்க மாட்டேன்.

எங்கள் அம்மாவிடம் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ இருக்கிறது. முதற்பாகம் 1951இல் வெளிவந்தது. அம்மா அதை முதலிலிருந்து கடைசிவரை படித்ததே இல்லை. படி, ஆழாக்கு, பலம் என்று பழைய அளவுகள் வரும் இடங்களில் ஓரத்தில் பென்சிலால் ‘1 பலம் 35 கிராம்’ என்று எழுதி வைத்திருக்கிறார். ஊறுகாய்ப் பக்கங்களில் மஞ்சள் கறை ஏறித் தாள் மொரமொரப்பாகிவிட்டது. முடித்தாயா என்று அவரை யாரும் கேட்டதில்லை.

இதைச் சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு என்று கருதுவோர் இருக்கலாம். முழுவதும் படித்தே ஆகவேண்டிய நூல்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. 1942இல் ஜப்பானியத் தாக்குதலுக்குப் பின் பர்மாவிலிருந்து நடந்தே வந்த அனுபவத்தை எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா எழுதியதை நடுவில் திறந்து படித்தால் அந்த வழியின் களைப்பு நம்மை எட்டாது. அம்பேத்கர் 1936இல் லாகூர் மாநாட்டுக்கு எழுதி, பேச வாய்ப்பு மறுக்கப்பட்டதால் தாமே அச்சிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையையும் அப்படித்தான் சொல்வேன். அடுத்த பதிப்பில் காந்தியின் மறுப்பையும் அதற்குத் தம் பதிலையும் அவரே சேர்த்திருக்கிறார், அதையும் விடக்கூடாது. வழிகாட்டி நூல்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உங்களுக்கு ஒரு கேள்வி எழும்போது அவற்றைத் திறங்கள்.

அப்படித் திறந்தால் தேடியது கிடைக்க வேண்டாமா? இங்கேதான் எனக்கு மனக்குறை. தமிழில் வரும் கதையல்லாத நூல்கள் பலவற்றில், எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் என்று இறுதியில் அகரவரிசையில் காட்டும் பொருளடைவு இருப்பதில்லை. பக்கம் கூடும், விலை கூடும் என்கிறார்கள். உ. வே. சாமிநாதையர் ஓலைச்சுவடிகளோடு போராடிய காலத்திலேயே தம் பதிப்புகளின் இறுதியில் அரும்பத அகராதியைப் பக்கக் குறிப்புகளோடு சேர்த்தார். எழுத்துகளைக் கையால் கோத்த நாளில் முடிந்தது கணினி அச்சில் ஏன் முடியவில்லை? இருநூறு, முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்குபவருக்கு நான்கு தாள் கூடுதலாகத் தரக்கூடாதா? அந்த இரவு நான் தேடிய விதிக்கு ஒரு வரிக் குறிப்பு இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் எடுத்திருப்பேன். பதினைந்து நாட்களும் தேடி, பதினாறாம் நாள் கண்டுபிடித்தவர்களும் எங்கோ இருப்பார்கள்.

இப்போது எந்த நூலைத் திறந்தாலும் கடைசி வெற்றுத்தாளில் நானே எழுதிக்கொள்கிறேன். அந்த நிதி நூலில் முதலில் எழுதியது ‘திருப்பிக் கொடுத்தல், 15 நாள்’ என்பதும் அதன் பக்க எண்ணும். நூல் இப்போது தங்கை வீட்டில் இருக்கிறது. அதன் கீழே அவள் கையெழுத்தில் இன்னும் நான்கு வரிகள் சேர்ந்திருக்கின்றன.