பதிவேட்டில் யார் பெயர்?

அன்புள்ள ஐயா,
இஸ்லாமியப் பேரரசை ஆண்ட இரண்டு அரச மரபுகளில், உமய்யாக்கள் அரபு இனப் பெருமையில் ஆண்டவர்கள், அவர்களுக்குப் பின் வந்த அப்பாஸியர் எல்லா முஸ்லிம்களையும் சமமாக நடத்தியவர்கள் என்று கல்லூரியில் படித்தேன். இரண்டு ஆட்சிமுறைக்கும் வித்தியாசம் இவ்வளவுதானா?
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பாதி சரி. மீதியைத் தெரிந்துகொள்ள அவர்களுடைய பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

கலீஃபா உமர் தொடங்கிய திவான் முதலில் ஒரு பெயர்ப் பதிவேடுதான். (திருவிதாங்கூர், புதுக்கோட்டை திவான்களின் பட்டம் இந்தச் சொல்லிலிருந்து வந்தது.) அதில் பெயர் இருந்தவருக்கு அரசு உதவித்தொகை தந்தது. பெயர்களைக் குலவாரியாக எழுதினார்கள். 661இல் டமாஸ்கஸில் ஆட்சி அமைத்த உமய்யாக்களும் அதையே தொடர்ந்தார்கள். படையும் பணமும் பெரும்பாலும் குலத்தலைவர்கள் வழியாகவே நகர்ந்தன. கணக்கு எழுதியவர்கள் மட்டும் பழைய ஆட்கள். சிரியாவில் கிரேக்கத்திலும் ஈராக்கில் பாரசீகத்திலும் எழுதிவந்தார்கள். உமய்யா கலீஃபா அப்துல் மலிக் காலத்தில்தான் கணக்கு அரபுக்கு மாறியது.

இஸ்லாத்தைத் தழுவிய பாரசீகருக்கு அந்தப் பதிவேட்டில் இடம் கிடைப்பது அரிது. பேரரசின் கிழக்குப் பகுதியான குராசானில் உதவித்தொகை இல்லாமலே போரிட்டவர்கள் பலர். ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ், நகரத்துக்கு வந்த புது முஸ்லிம்களைக் கிராமத்துக்கே திருப்பி அனுப்பி வரி கட்ட வைத்தார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறாத இடம் இது. உமய்யா கலீஃபா இரண்டாம் உமர் இதைச் சரிசெய்ய முனைந்தார். 717இல் ஆட்சிக்கு வந்தவர் 720இல் இறந்துவிட்டார்.

747இல் குராசானில் அப்பாஸியருக்காக அபூ முஸ்லிம் கறுப்புக்கொடி ஏற்றிக் கிளர்ந்தபோது, சேர்ந்தவர்களைக் குலப்பெயரால் எழுதாமல் தந்தை பெயராலும் ஊர்ப்பெயராலும் எழுத வைத்தார். 750இல் உமய்யாக்களை வீழ்த்தி அப்பாஸியர் பெற்ற வெற்றியைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அப்புறம் சமத்துவம் வந்துவிட்டதா? குலத்தலைவர் இருந்த இடத்தில் எழுத்தரும் வஜீரும் (அமைச்சரும்) வந்து உட்கார்ந்தார்கள். பல்க் நகரின் பௌத்த மடத்தை நிர்வகித்தவர்களின் வழிவந்த பர்மக்கி குடும்பத்தார், அப்பாஸியக் கலீஃபா ஹாரூன் ரஷீதின் அரசை 786 முதல் 17 ஆண்டுகள் நடத்தினார்கள். டமாஸ்கஸில் இது நடந்திருக்காது. ஆனால் 803இல் ஹாரூன் அந்தக் குடும்பத்து ஜாஃபரின் தலையை வெட்டச் சொன்னார், ஜாஃபரின் தந்தை யஹ்யாவைச் சிறையில் அடைத்தார். யாரும் படை திரட்டி வரவில்லை. உமய்யாக் காலத்தில் ஒரு பெரிய குலத்தலைவரை இப்படித் தொட்டிருந்தால் அவருடைய குலமே கிளம்பியிருக்கும். பிறப்பைப் பார்க்காமல் ஆள் எடுத்த அரசில்தான் கலீஃபாவைத் தடுக்க யாரும் இல்லாமல் போனார்கள். உங்கள் பாடத்தில் விடுபட்டது இதுதான்.

பதிவேட்டின் கதை 833இல் எகிப்தில் முடிகிறது. அப்பாஸியக் கலீஃபா முஃதஸிம், அங்கிருந்த அரபுகளின் பெயர்களை நீக்கி உதவித்தொகையை நிறுத்தும்படி ஆளுநருக்கு எழுதினார். லக்ம், ஜுதாம் என்ற அரபுக் குலத்தார் கிளர்ந்தெழுந்து தோற்றார்கள். கலீஃபாவின் படையில் அதற்குள் துருக்கிய வீரர்கள் நிறைந்திருந்தார்கள்.