கேளுங்கள், சொல்கிறேன்: ஆமைக்குஞ்சும் வாளித் தண்ணீரும்

போன வாரம் ராத்திரி தெருவிளக்கடியில் ஆமைக்குஞ்சுகள் தவழ்ந்துகொண்டிருந்தன. எங்கள் தெருப் பையன்கள் வாளியில் கடல்தண்ணீர் பிடித்து அதில் விட்டுவைத்து, விடிந்ததும் கடலில் சேர்த்தார்கள். செய்தது சரிதானே ஐயா?
– வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

முதலில் அந்தப் பையன்களுக்கு என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள் அம்மா. நாய்க்கும் காக்கைக்கும் போயிருக்க வேண்டிய உயிர்கள். ஆனால் தண்ணீரில் மட்டும் விட்டுவைக்கக் கூடாது.

புதிதாகப் பொரித்த பங்குனி ஆமைக்குஞ்சின் அடிவயிற்றில் சின்னத் தழும்பு ஒன்று இருக்கும். ஆமை முட்டைகளை மணலில் புதைத்துப் பாதுகாக்கும் பொரிப்பகத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். மஞ்சள் கரு உள்ளே போன இடம் அது. உள்ளே மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் அதற்குக் கட்டுச்சோறு. தண்ணீர் பட்ட கணமே துடுப்புகளை வீச ஆரம்பித்துவிடும். கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க ஓயாமல் நீந்தித்தான், மீன்கள் பிடித்துத் தின்னும் கரையோரத்தைத் தாண்டும். அந்தத் தெம்பை ராத்திரி முழுக்க வாளிச் சுவரோடு மோதியே செலவழித்துவிட்டால், அப்புறம் கடலில் எதைக்கொண்டு நீந்தும்?

இனிமேல் பார்த்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் இந்த ஆமையும் இருக்கிறது. அவர்கள் வரும்வரை வாளியில் ஈரமணல் போட்டு, குஞ்சுகளை வைத்து, துணியால் மூடி இருட்டாக வையுங்கள். பகலுக்குக் காத்திருக்காமல் அன்று ராத்திரியே விட வேண்டும். அதுவும் அலையில் தூக்கிப் போடாமல், கொஞ்சம் மேலே மணலில் விட்டால் தானே நடந்து இறங்கும்.

அவை தெருப்பக்கம் வந்ததற்குக் காரணம் விளக்கு. வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் போகும். விளக்கில்லாத கரையில் அது கடல் பக்கம். குஞ்சு பொரிக்கும் மாதங்களிலாவது கடலைப் பார்த்து எரியும் விளக்குகளுக்கு மறைப்புப் போடச் சொல்லி ஊரே சேர்ந்து மனு கொடுங்கள்.

பொரிப்பகத்தில் முட்டைக் குழிகளுக்கு மேல் பந்தல் போட்டிருக்கிறார்களே, வெயில் பட்டால் சீக்கிரம் பொரிக்காதா?
– வாசகர், சின்ன வீராம்பட்டினம், புதுச்சேரி

பொரிக்கும். ஆனால் எல்லாம் பெண்ணாகப் போய்விடும்! குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சுமார் 30 டிகிரிக்குக் கீழே ஆண் அதிகம், மேலே பெண் அதிகம். 35 டிகிரியை நெருங்கினால் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். 45 முதல் 60 நாள் வரை மண்ணுக்குள் கிடக்கும் முட்டைக்கு அந்த நிழல் பெரிய உதவி.

ஜனவரி, பிப்ரவரியில் பெரிய ஆமைகள் செத்து ஒதுங்குகின்றனவே. நோயா?
– வாசகர், தாழங்குடா

பெரும்பாலும் நோயில்லை, மூச்சுமுட்டல். ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல். இழுவலைக்குள் மாட்டி, மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் போனால் செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதைப் படித்திருப்பீர்கள். மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. அதற்குள் பெரும்பாலான ஆமைகள் முட்டையிட்டு முடித்திருக்கும். ஆகவே அந்த மாதங்களில் விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு உள்ளே வராமல் பார்ப்பதும், ஆமை வெளியேறக் கம்பித் தடுப்பும் திறப்பும் வைத்த வலையைப் பயன்படுத்துவதும்தான் வழி. அந்தக் கம்பிகளுக்கு இடையே இறாலும் மீனும் உள்ளே போய்விடும், ஆமை மட்டும் திறப்பு வழியாக வெளியே போகும். கொஞ்சம் மீனும் தப்பும் என்று படகுக்காரர்கள் சொல்வது நியாயம்தான். அந்த நட்டத்தை அரசு ஈடுகட்ட வேண்டும் என்பது என் கருத்து.