எண் அட்டையின் பின்பக்கம்

கேள்வி: எனக்கு வயது 44. கோவையில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஐந்து வருடமாக ஓடுகிறேன். சென்னையில் முழு மாரத்தானை 5 மணி 20 நிமிடத்தில் முடித்திருக்கிறேன். வரும் செப்டம்பரில் நடக்கும் பெர்லின் மாரத்தானுக்குக் குலுக்கலில் என் பெயர் விழுந்திருக்கிறது. எங்கள் குழுவில் வேறு யாருக்கும் விழவில்லை. தனியாகத்தான் போகவேண்டும். கணவரிடம் கேட்டேன், "உன் இஷ்டம்" என்றார். மகன் பிளஸ் டூ. மாமியாருக்கு 76 வயது, க்ளௌகோமா இருக்கிறது. இரண்டு வேளையும் கண்ணுக்குச் சொட்டு மருந்து நான்தான் விடுகிறேன். நாத்தனாரோ, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்கிறார். பதிவுப் படிவத்தையும் நிரப்பிவிட்டேன் (அவசரத் தொடர்புக்கு வீட்டு எண்ணைக் கொடுத்தால் பயந்துவிடுவார்கள் என்று என் ஓட்டத் தோழியின் எண்ணைக் கொடுத்தேன்). இப்போது குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. பத்து நாள் குடும்பத்தை விட்டுவிட்டு நான் போவது சரியா?

— பெயர் வேண்டாம், கோவை

பதில்:

படிவத்தை நிரப்பிய பிறகு போகலாமா என்று கேட்கிறீர்கள். இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. கைலாஷ் யாத்திரைக்குப் பணம் கட்டிவிட்டு ஒருவர் கேட்டார். பெங்களூரில் வேலையை ஒப்புக்கொண்டுவிட்டு ஒருவர் கேட்டார். முடிவு கையில் இருக்கும், என்னிடம் வேண்டியது ஒரு சாட்சிக் கையெழுத்து. அதை நான் போடுவதில்லை. "உங்களுக்காகவும் வாழுங்கள்" என்று எழுதுகிறவர்கள் வேறு பக்கத்தில் இருக்கிறார்கள்.

நான் ஐந்தாறு முறை படித்தது, அடைப்புக்குறிக்குள் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒற்றை வரியைத்தான்.

பெர்லினில் முப்பதாவது கிலோமீட்டர் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் சேர்த்துவைத்த சர்க்கரை ஏறக்குறைய தீர்ந்துபோகிற இடம் அது என்று உங்களுக்கே தெரியும். குர்ஃபூர்ஸ்டெண்டாம் என்ற பெரிய கடைத்தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். கால் மடங்குகிறது, விழுகிறீர்கள். முதலுதவிக்காரர்கள் வந்து உங்கள் நெஞ்சில் குத்தியிருக்கும் எண் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் இருக்கும் அவசரத் தொடர்பு எண்ணைப் பார்க்கிறார்கள். அங்கே மதியம் 2 மணி என்றால் கோவையில் மாலை ஐந்தரை. உங்கள் தோழியின் போன் அடிக்கிறது.

எந்த மருந்தாவது இவருக்கு ஒத்துக்கொள்ளாதா, முன்பு ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், பிரசவத்தில் ஏதும் சிக்கல் இருந்ததா என்று வரிசையாகக் கேட்பார்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? நீங்கள் ஒரு கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடுவீர்கள், ஓட்டத்தின் நடுவே தெம்புக்குச் சாப்பிடும் எந்த ஜெல் உங்கள் வயிற்றுக்குச் சேரும், இதெல்லாம் தெரியும். மிச்சம் எல்லாம் உங்கள் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

அப்புறம் அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரவேண்டும். மணி அடிக்கவேண்டும். யார் கதவைத் திறப்பார்கள்? ஞாயிறு மாலை, மகன் டியூஷனில் இருக்கலாம், கணவர் வெளியே போயிருக்கலாம். கண் மங்கிய 76 வயது அம்மாள் தடவிக்கொண்டு வந்து திறப்பார். அந்தப் பெண் அவரிடம் என்ன சொல்வாள்? அவள் மறுக்கமாட்டாள் என்று தெரிந்துதான் அவள் எண்ணைக் கொடுத்தீர்கள். இப்படி ஒரு பொறுப்பை அவள் தலையில் ஏற்றுகிறோம் என்றாவது அவளிடம் சொன்னீர்களா? கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்கமாட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"பயந்துவிடுவார்கள்" என்று எழுதுகிறீர்கள். என்ன தெரிந்து பயப்படப் போகிறார்கள்? உங்கள் கணவருக்கு ஓட்டம் எந்த ஞாயிறு என்று தெரியுமா? 42.195 கிலோமீட்டர் என்றால் கோவையிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் ஓடுவது போல என்று எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? "உன் இஷ்டம்" என்று ஒரு மனுஷன் சொன்னால் நம் வீடுகளில் அதற்கு என்ன அர்த்தம் என்று 44 வயதில் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்மதம் என்றால் "எப்போ போற, எங்கே தங்குவ" என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். வரவில்லை. வராததே நல்லது என்று நீங்களும் விட்டுவிட்டீர்கள். அவர் கேட்காமல் இருந்ததும் தப்பு. ஆனால் கடிதம் எழுதியது நீங்கள், அதனால் திட்டு உங்களுக்கு.

என் அக்கா வெளியூரில் இருந்தபோது கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்டாள். அம்மா பயப்படுவாள் என்று எங்களில் யாருக்கும் சொல்லவில்லை. பத்து நாள் தினமும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தே போனில், "சாப்பிட்டேம்மா, வீட்லதான் இருக்கேன்" என்று பேசியிருக்கிறாள். மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரம்மா, "இப்ப உடம்பு தேறிடுச்சா?" என்று அம்மாவின் எதிரிலேயே கேட்டுவிட்டார். அம்மா சண்டை போடவில்லை, அழவும் இல்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் இருந்தாள். அக்கா எப்போது போன் செய்தாலும் முதல் கேள்வி, "எங்கேர்ந்து பேசற?" அக்கா சொல்கிற பதிலை அம்மா நம்பவும் மாட்டாள். என்னிடம் ஒருமுறை தனியாகச் சொன்னாள்: "பயப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லன்னு நினைச்சுட்டா."

இந்த விஷயத்தில் நான் பழைய காலத்து ஆள்தான். நல்ல செய்தியை ஊருக்கெல்லாம் சொல்லலாம். கெட்ட செய்தி முதலில் எந்த வீட்டுக்குப் போகவேண்டுமோ, அதைத்தான் நான் குடும்பம் என்பேன். அந்த இடத்திலிருந்து உங்கள் வீட்டாரின் பெயரை அடித்துவிட்டு, பத்து நாள் குடும்பத்தை விட்டுப் போவது சரியா என்று என்னிடம் கேட்கிறீர்கள். உங்கள் குற்ற உணர்ச்சி எங்கேயிருந்து வருகிறது என்று புரிகிறதா? ஜெர்மனிக்கு இதில் சம்பந்தமே இல்லை.

நாத்தனாருக்கு அதிகம் வார்த்தை செலவழிக்க வேண்டாம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984இல், லாஸ் ஏஞ்சலஸில்தான். அப்போது நீங்கள் சின்னக் குழந்தையாக இருந்திருப்பீர்கள். வயதைப் பற்றிப் பேசினால் ஒரு தட்டில் முறுக்கு வைத்துக் கொடுத்துவிட்டு வேறு பேச்சு எடுங்கள்.

ஆனால் சொட்டு மருந்து விஷயம் அப்படி இல்லை. க்ளௌகோமாவில் பார்வை வலிக்காமல் போகும், போனது திரும்பி வராது. நாலு வேளை விட்டுப்போனால் உடனே எதுவும் தெரியாது, அதுதான் ஆபத்து. இத்தனை நாள் நீங்கள் விட்டீர்கள். சரி. அந்தக் கண் யாருடைய அம்மாவின் கண்? உங்கள் கணவருக்குக் கை நடுங்குகிறதா? பெற்ற மகன் அதே வீட்டில் இருக்கும்போது அது மருமகள் வேலை என்று எப்படி ஆனது? அதை இத்தனை வருடம் நீங்களும் ஒரு பெருமையாக வைத்துக்கொண்டிருந்தீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நாம் இல்லாவிட்டால் வீடு நடக்காது என்பதில் நமக்கெல்லாம் ஒரு ருசி இருக்கிறது. நானும் அந்த ருசி கண்டவள்தான்.

புறப்படுவதற்கு முந்தின ராத்திரி பெட்டி கட்டிக்கொண்டே சொல்லிக்கொடுக்காதீர்கள். ஆகஸ்ட் மாதமே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு, கண்ணை மூடச் சொல்லி மூக்கோரம் இருக்கும் மூலையை ஒன்றிரண்டு நிமிடம் லேசாக அழுத்திப் பிடிப்பது, இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடமாவது விட்டு அடுத்தது. நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள், எட்டிப் பார்க்காதீர்கள். பையனும் கற்றுக்கொள்ளட்டும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வுதான், பொதுத்தேர்வு மார்ச்சில். பாட்டி கண்ணுக்கு மருந்து விட்டால் அவன் மார்க் குறையாது. அப்புறம் தயவுசெய்து பத்து நாளுக்கும் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, டப்பா டப்பாவாகச் சப்பாத்தி என்று சமையலறையில் நின்று கால்களை வீணாக்காதீர்கள். ஊரில் மாவுக் கடை இருக்கிறது.

இனி பயணம். என் தங்கை மகன் வெளிநாடு போய் இரண்டு மாரத்தான் ஓடியவன். உங்கள் கடிதத்தை, பெயரில்லாமல்தான், அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஓட்டத்தைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. 5 மணி 20 நிமிடத்தில் முடித்தவருக்கு பெர்லினின் ஆறே கால் மணி நேரக் கெடு போதும், பாதையும் மேடு பள்ளமில்லாதது, கென்யா ஓட்டக்காரர் கிப்சோகே 2018இலும் 2022இலும் மாரத்தான் உலக சாதனை படைத்தது அங்கேதான் என்று அடுக்கினான். இன்ஷூரன்ஸ் பக்கம் வந்தபோதுதான் குரல் மாறியது. ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதற்காக எல்லாரும் மலிவாக ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். பல பாலிசிகளில் சாகச விளையாட்டு, போட்டி விளையாட்டு என்று விலக்குப் பட்டியல் பொடி எழுத்தில் இருக்கும். மாரத்தான் ஓடும்போது ஏதாவது ஆனால் பணம் உண்டா என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். இந்த வேலையையும் கணவரை உட்காரவைத்தே செய்யுங்கள். அப்போதுதான் அவருக்கு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று முழுதாக உறைக்கும்.

விசாவுக்குப் பயண நாளிலிருந்து ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி வரை வைத்திருக்காதீர்கள். எண் அட்டையை நேரில் அடையாளம் காட்டித்தான் வாங்கவேண்டும், யாரும் வாங்கி வைக்கமாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமைக்குள்ளாவது போய்ச் சேர்ந்துவிடுங்கள். பழகிய ஷூவும் ஓடும் உடையும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டி வழியில் தங்கிவிட்டால் புது ஷூவில் 42 கிலோமீட்டர் ஓட முடியாது. சனிக்கிழமை பெர்லின் சுவரைப் பார்க்கிறேன் என்று நாளெல்லாம் நடக்காதீர்கள், ஓட்டம் முடிந்த பிறகு பாருங்கள். தாகத்துக்குக் குடியுங்கள், ஒவ்வொரு மேஜையிலும் பயந்து பயந்து தண்ணீரை ஊற்றிக்கொள்ளாதீர்கள். மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான் அதிகத் தண்ணீரால் ரத்தத்தில் உப்பு இறங்கும் ஆபத்து அதிகம். ஓடிய கையோடு அன்றிரவே விமானம் ஏறி எட்டு மணி நேரம் காலை மடக்கி உட்காராதீர்கள். கால் நரம்பில் ரத்தம் உறையக்கூடும். ஒரு நாளாவது தள்ளி டிக்கெட் எடுங்கள். இவ்வளவும் அவன் சொன்னது. ஓடும்போது போனை இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஜெர்மனியில் அவசர எண் 112 என்றும் சொன்னான்.

அவன் சொன்னதில் எனக்குப் பிடித்த தகவல் வேறொன்று. 1990 செப்டம்பர் 30 அன்று, இரண்டு ஜெர்மனியும் ஒன்றாவதற்கு மூன்று நாள் முன்னால், இந்த ஓட்டம்தான் நகரைப் பிரித்த எல்லையில் நின்ற பிராண்டன்பர்க் வாசல் வழியாகக் கிழக்கே நுழைந்தது. ஓடியவர்களில் பலர் அந்தத் தூண்களுக்கு நடுவில் அழுதார்களாம். இப்போது கடைசித் திருப்பம் திரும்பினால் அந்த வாசல்தான் எதிரே நிற்கும், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முடிவுக்கோடு. உங்கள் வேகத்துக்கு நீங்கள் அங்கே வரும்போது கோவையில் விளக்கு வைக்கும் நேரம் ஆகியிருக்கும்.

ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டரிலும் நீங்கள் தாண்டிய நேரத்தை வீட்டிலிருந்தே செயலியில் பார்க்கலாமாம். அடுத்த நேரம் வரக் கொஞ்சம் தாமதமானால் உங்கள் கணவர் எழுந்து நடப்பார். மாமியார் சாமி அறைக்குப் போவார். மகன் போனைத் தட்டிக்கொண்டே இருப்பான். இதைத்தானே வேண்டாம் என்று மறைத்தீர்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் உங்களுக்காகப் பதறிக்கொண்டு ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கட்டுமே. நீங்கள் அவர்களுக்காக எத்தனை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பீர்கள்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டி.வி.யை அணையுங்கள். தேதியைச் சொல்லுங்கள், தூரத்தைச் சொல்லுங்கள், பொள்ளாச்சி கணக்கையும் சொல்லுங்கள். படிவத்தில் வேறு எண் கொடுத்ததையும் சொல்லுங்கள், அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் பிரயோஜனமில்லை. அவருக்குக் கோபம் வரும். வரட்டும். மறுநாள் காலையில் தோழிக்குப் போன் செய்து, அவளை அந்தப் பாரத்திலிருந்து விடுவித்துவிடுங்கள்.

படிவத்தில் எண்ணை மாற்ற முடிகிறதா என்று அமைப்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எப்படியிருந்தாலும் எண் அட்டையின் பின்பக்கம் பேனாவால் எழுத இடம் இருக்கும். அட்டை கைக்கு வந்ததும் விடுதி அறையில் உட்கார்ந்து அங்கே உங்கள் கணவர் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். மழை பெய்தாலும் அழியாத பேனாவாக இருக்கட்டும். எண்ணுக்கு முன்னால் 91 போட மறக்காதீர்கள்.